ஐந்து முறை 'ஏன்' கேட்டும் பிழை ஓயவில்லை: முறை தவறா, கேட்கும் விதம் தவறா?

பொட்டலமேசை:
கிடங்கில் ஆர்டர்களைப் பெட்டியில் போட்டு அனுப்பும் பிரிவில் வேலை செய்கிறேன். ஒருவருக்குப் போக வேண்டிய பொருள் அடிக்கடி இன்னொருவருக்குப் போய்விடுகிறது. ஒவ்வொரு முறையும் மீட்டிங் போட்டு 'ஐந்து ஏன்' படிவத்தை நிரப்புகிறோம். கடைசியாக நிரப்பியது இது:

ஏன் மாறிப் போனது? தப்பான லேபிள் ஒட்டப்பட்டது. ஏன்? ஒட்டியவர் ரசீதோடு ஒப்பிடவில்லை. ஏன்? அவசரம். ஏன் அவசரம்? வண்டி கிளம்பும் நேரம். ஏன் முன்பே முடிக்கவில்லை? கவனக்குறைவு.

மூல காரணம் என்ற கட்டத்தில் 'கவனக்குறைவு' என்று எழுதினோம். நடவடிக்கை: மறுபயிற்சி, லேபிள் ஒட்டியதும் ஒரு நோட்டில் கையெழுத்து. கையெழுத்து தவறாமல் விழுகிறது. பெட்டிகள் இன்னமும் மாறுகின்றன. இந்த முறையே வீண் வேலையா, அல்லது நாங்கள் சரியாகச் செய்யவில்லையா?

கடைசல்காரர்:
தம்பி, முறையை விட்டுவிடாதீர்கள். இதைப் பரப்பிய டொயோட்டாவின் தாய்ச்சி ஓனோ சொன்ன உதாரணத்தை உங்கள் படிவத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இயந்திரம் நின்றது. ஏன்? சுமை கூடி ஃபியூஸ் போனது. ஏன் சுமை கூடியது? பேரிங்கில் எண்ணெய் போதவில்லை. ஏன்? எண்ணெய் பம்ப் சரியாக இழுக்கவில்லை. ஏன்? பம்பின் தண்டு தேய்ந்து ஆடுகிறது. ஏன் தேய்ந்தது? வடிகட்டி இல்லாததால் உலோகத் தூள் உள்ளே போய்விட்டது.

இதில் ஒவ்வொரு பதிலையும் நேரில் போய்ச் சரிபார்க்கலாம். ஃபியூஸைக் கழற்றிப் பார்க்கலாம், தண்டை ஆட்டிப் பார்க்கலாம். உங்கள் படிவத்தில் இருக்கும் 'அவசரம்', 'கவனக்குறைவு' இரண்டையும் எங்கே போய்ப் பார்ப்பது? அவை மீட்டிங் அறையில் உட்கார்ந்து ஊகித்தவை. நான் பராமரிப்பில் இருந்த காலம் முழுக்க ஒரே விதி வைத்திருந்தேன்: நேரில் பார்க்காத பதிலைத் தாளில் ஏற்றக் கூடாது.

சரி, சில கேள்விகள். மாறிய பெட்டிகள் தனித்தனி ஆர்டர்களா, அடுத்தடுத்த எண்களா? எந்த மேசை, எந்த ஷிப்ட்? பிழையே வராத நாட்களில் என்ன வேறாக இருந்தது? இதற்கெல்லாம் பதில் தெரியாமல் முதல் 'ஏன்' கேட்பதில் பயன் இல்லை.

இரவுமணி:
அண்ணே, நேரில் பார்க்கச் சொன்னதில் எனக்கு முழு உடன்பாடு. ஆனால் முறையிலேயே கோளாறு இருக்கிறது. ஒரு கேள்விக்கு ஒரு பதில், அதற்கு மேல் ஒரு கேள்வி என்று போனால் ஒற்றைக் கோடுதான் கிடைக்கும். உண்மையில் நடப்பது அப்படி இல்லை.

1988 ஜூலை 6, வட கடலில் பைப்பர் ஆல்ஃபா எண்ணெய் மேடை. 167 பேர் இறந்தார்கள். இரண்டு பம்புகளில் ஒன்றின் பாதுகாப்பு வால்வைப் பராமரிப்புக்காகக் கழற்றியிருந்தார்கள். அந்தத் தகவல் இரவு ஷிப்டுக்குப் போய்ச் சேரவில்லை. இன்னொரு பம்ப் நின்றதும், வால்வு இல்லாத பம்பை ஓட்டினார்கள். எரிவாயு கசிந்து வெடித்தது. இந்தக் கோட்டில் ஐந்து முறை 'ஏன்' கேட்டால் 'ஷிப்ட் மாறும்போது தகவல் கைமாறவில்லை' என்ற இடத்துக்கு வருவோம். சரியான பதில்தான்.

ஆனால் மேடையின் தடுப்புச் சுவர்கள் தீயைத் தாங்கக் கட்டப்பட்டவை, வெடிப்பைத் தாங்க அல்ல. தீயணைப்புப் பம்புகளைத் தானாக ஓடாதபடி மாற்றி வைத்திருந்தார்கள், கடலுக்குள் இறங்கும் முக்குளிப்பவர்களை அவை இழுத்துவிடக் கூடாது என்பதற்காக. தீ எரியும்போதே பக்கத்து மேடைகள் குழாயில் எண்ணெயும் வாயுவும் அனுப்பிக்கொண்டிருந்தன. இவற்றில் எதை 'மூலம்' என்பீர்கள்? விசாரித்த கல்லன் பிரபு 1990-ல் கொடுத்த அறிக்கையில் 106 பரிந்துரைகள் இருந்தன. ஒரு மூலத்தைத் தேடிப் போயிருந்தால் ஒரு பரிந்துரைதான் வந்திருக்கும்.

நேர்கோடு:
இருவரும் மனிதரின் பொறுப்பை மெல்ல நழுவ விடுகிறீர்கள். லேபிளை ரசீதோடு ஒப்பிட வேண்டும் என்று விதி இருக்கிறது. ஒருவர் ஒப்பிடவில்லை. அதற்குப் பெயர் கவனக்குறைவுதான். நானும் ஆட்களை வைத்து வேலை வாங்குபவன். ஒரே மேசை, ஒரே சம்பளம், ஒருவர் ஒழுங்காகச் செய்கிறார், இன்னொருவர் செய்வதில்லை. எல்லாவற்றையும் அமைப்பின் தலையில் கட்டினால், ஒழுங்காகச் செய்கிறவருக்கு நாம் என்ன மரியாதை கொடுக்கிறோம்?

இரவுமணி:
நியாயமான கேள்வி. ஒருவர் மட்டும் தவறினால் அவரைப் பார்க்கலாம். பலர் அதே இடத்தில் தவறினால்? இரண்டாம் உலகப் போரில் பி-17 விமானிகள் பத்திரமாகத் தரையிறங்கிய பிறகு, இறக்கை மடல்களை மடக்குவதற்குப் பதிலாகச் சக்கரங்களை மடக்கிவிட்டார்கள். விமானம் வயிறு தேய ஓடுபாதையில் உட்கார்ந்துவிடும். விமானியின் பிழை என்றே எழுதி வந்தார்கள். 1943-ல் அல்ஃபோன்ஸ் சபானிஸ் என்ற இளம் உளவியலாளர் காக்பிட்டில் ஏறிப் பார்த்தார். இரண்டுக்குமான பிடிகள் பக்கத்துப் பக்கத்தில், ஒரே மாதிரி. வேறு சில ரக விமானங்களில் இந்தப் பிழை வரவே இல்லை. அங்கே பிடிகளின் அமைப்பு வேறு. சக்கரத்துக்கான பிடியில் சிறு ரப்பர் சக்கரத்தையும், மடலுக்கானதில் ஆப்பு வடிவத்தையும் பொருத்தினார்கள். பிழை நின்றது. அதே விமானிகள்தான், அதே களைப்புதான். இன்றும் விமானங்களில் இந்த இரண்டு பிடிகளும் தொட்டாலே தெரியும்படி வெவ்வேறு வடிவத்தில்தான் இருக்கின்றன.

'கவனக்குறைவு' என்று எழுதி மூடியிருந்தால் அந்த ரப்பர் சக்கரம் வந்திருக்காது.

வார்டுவிளக்கு:
நான் செவிலி. நேர்கோடு சார் சொல்வதில் ஒரு பயன்பாட்டுச் சிக்கல் இருக்கிறது. தண்டனை வரும் என்று தெரிந்தால் யாரும் வாய் திறப்பதில்லை. மருந்து மாற்றிக் கொடுத்ததை விட, கொடுக்கப் போய்க் கடைசி நொடியில் கண்டுபிடித்து நிறுத்தியதுதான் எங்களுக்கு அதிகம் கற்றுக்கொடுக்கும். அதை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். சொன்னால்தான் உண்டு.

அமெரிக்க விமானத் துறையில் 1976-லிருந்து ஒரு ஏற்பாடு இருக்கிறது. தெரியாமல் செய்த தவறை 10 நாட்களுக்குள் விமானி எழுதி அனுப்பினால், பொதுவாகத் தண்டனையிலிருந்து பாதுகாப்பு உண்டு. அறிக்கைகளைப் பெறுவது தண்டிக்கும் துறை அல்ல, நாசா. பெயர் நீக்கிய பிறகுதான் மற்றவர்கள் பார்க்க முடியும். குற்றச் செயலுக்கும் விபத்துக்கும் இந்தச் சலுகை இல்லை. ஆக, பொறுப்பை விட்டுக்கொடுக்காமலே பயத்தைக் குறைக்க முடியும்.

நேர்கோடு:
அக்கா, தெரியாமல் செய்ததையும் தெரிந்தே செய்ததையும் அங்கே பிரித்து வைத்திருக்கிறார்கள். நான் கேட்பதும் அதைத்தான். பிரிப்பது யார், எதை வைத்து? நம் அலுவலகங்களில் அந்த வேலை நடப்பதே இல்லை. ஒன்று எல்லோரையும் திட்டுகிறோம், இல்லையென்றால் யாரையும் கேட்பதில்லை.

கடைசல்காரர்:
இரவுமணிக்கு ஒரு வார்த்தை. 106 பரிந்துரை ஒரு அரசு விசாரணைக்குச் சரி. நாளைக் காலை ஆறு மணிக்கு லைனை ஓட்ட வேண்டிய மேஸ்திரிக்கு 'காரணங்கள் பல, பின்னிக் கிடக்கின்றன' என்று சொன்னால் அவர் என்ன செய்வார்? ஒன்றும் செய்ய மாட்டார். பல காரணம் என்பது உண்மையாகவே இருக்கலாம், ஆனால் அது சோம்பலுக்கும் நல்ல மறைவிடம். ஐந்து ஏன் கேட்பதால் ஏதாவது ஒன்றிலாவது கை வைக்கிறோம்.

இன்னொன்று. கண்டுபிடித்தது காரணம்தானா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. அதைப் போட்டால் பிழை வர வேண்டும், எடுத்தால் நிற்க வேண்டும். வேண்டுமென்றே பிழையை வரவழைக்க முடியாதவரை உங்கள் கையில் இருப்பது சந்தேகம் மட்டும்தான். 'கவனக்குறைவு' இந்தச் சோதனையில் தோற்றுவிடும். உங்கள் பல காரணங்களில் பாதியும் தோற்றுவிடும்.

இரவுமணி:
அந்தச் சோதனை நல்ல சோதனை, எடுத்துக்கொள்கிறேன். ஆனால் எங்கே கேள்வியை நிறுத்துவது என்பதைச் சோதனை சொல்லாது. அதைக் கேட்கிறவர் முடிவு செய்கிறார். செர்னோபில் அணு உலை விபத்தைப் பற்றி 1986-ல் சர்வதேச அணுசக்தி முகமையின் ஆலோசனைக் குழு எழுதிய அறிக்கை பழியைப் பெரும்பாலும் உலையை இயக்கிய ஊழியர்கள் மீது போட்டது. அதே குழு 1992-ல் திருத்தி எழுதியபோது உலையின் வடிவமைப்பும் கட்டுப்பாட்டுத் தண்டுகளின் குறையும் முன்னால் வந்தன. அந்த உலையில் தண்டுகளை இறக்கத் தொடங்கும்போது, சில நிலைமைகளில், அணுவினை குறைவதற்குப் பதில் முதலில் கூடும். உலையை நிறுத்தும் பொத்தானை அழுத்தியவர்களுக்கு அது சரியாகத் தெரிவிக்கப்படவில்லை. விபத்து மாறவில்லை, கேள்வியை நிறுத்திய இடம் மாறியது. அடிமட்ட ஊழியர் இல்லாத அறையில் 'ஏன்' கேட்டால் கோடு எப்போதும் அவரிடம்தான் போய் முடியும்.

பொட்டலமேசை:
கடைசல்காரர் அண்ணன் கேட்டதைப் பார்த்துவிட்டு வந்தேன். திரும்பி வந்த பெட்டிகளின் பட்டியலை எடுத்து ஆர்டர் எண் வரிசையில் அடுக்கினேன். தனித்தனியாக வந்தவை மிகக் குறைவு. பெரும்பாலும் கொத்துக் கொத்தாக, அடுத்தடுத்த எண்கள். அதிலும் முதல் ஆர்டரின் பொருளுக்கு இரண்டாவது ஆர்டரின் லேபிள், இரண்டாவதுக்கு மூன்றாவதன் லேபிள் என்று ஒன்று தள்ளி ஒன்று.

பிறகு இரவு ஷிப்டில் போய் நின்று பார்த்தேன். லேபிள் பிரிண்டர் கூடத்தின் கோடியில் இருக்கிறது. நடையை மிச்சப்படுத்த ஒரு கத்தை லேபிளை மொத்தமாக அச்சடித்து எடுத்து வருகிறார்கள். ரசீதுகள் வேறொரு பிரிண்டரில் இன்னொரு கத்தை. இரண்டையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மேலிருந்து ஒவ்வொன்றாக எடுக்கிறார்கள். லேபிள் தாள் சிக்கினால் சிக்கிய லேபிளைக் கிழித்துப் போடுகிறார்கள். அது மறுபடி அச்சாவதில்லை. அங்கிருந்து கத்தை முழுக்க ஒன்று தள்ளிப் போகிறது. கடைசியில் ஒரு லேபிள் குறையும்போது அந்த ஒன்றை மட்டும் புதிதாக அடித்து ஒட்டி விடுகிறார்கள். ரசீதில் ஆர்டர் எண் மேலே இருக்கிறது, லேபிளில் கீழே, சின்ன எழுத்தில். பெட்டியைப் பிடித்துக்கொண்டு இரண்டையும் ஒரே பார்வையில் பார்க்க முடியாது.

கடைசல்காரர்:
சபாஷ். ஒரு ஷிப்ட் முடிந்ததும் அனுப்பாத பெட்டிகளை வைத்துக் கத்தையிலிருந்து ஒரு லேபிளை நீங்களே உருவிவிட்டுப் பாருங்கள். யாரும் பிடிக்கவில்லை என்றால் விஷயம் முடிந்தது. பிரிண்டரை மேசைக்குக் கொண்டு வாருங்கள், ரசீதை ஸ்கேன் செய்தால் அதற்கான லேபிள் மட்டும் வரட்டும்.

நேர்கோடு:
தாள் சிக்கியதைப் பார்த்தவர் சொல்லியிருக்கலாமே?

பொட்டலமேசை:
கேட்டேன் சார். சொல்லியிருக்கிறார்கள். பிரிண்டர் பழுது என்று பலமுறை புகார் பதிவாகியிருக்கிறது. அது வேறு பிரிவின் பட்டியல். பெட்டி மாறுவது எங்கள் பட்டியல். இரண்டையும் ஒரே ஆள் பார்த்ததில்லை.

நேர்கோடு:
அப்படியென்றால் என் கேள்வி அந்த மேசைக்காரரிடம் இல்லை. இரண்டு பட்டியலையும் கையில் வைத்திருக்க வேண்டியவர் யாரோ அவரிடம். அங்கே பொறுப்பு இருக்கிறது, அதை நான் விட மாட்டேன்.

இரவுமணி:
அதை நானும் விடச் சொல்லவில்லை. பொட்டலமேசை, படிவத்தில் ஒரு கட்டம்தான் இருக்கிறது என்று பிரிண்டரோடு நிறுத்திவிடாதீர்கள். பிரிண்டர், கத்தையாக அடிக்கும் பழக்கம், எண் அச்சாகும் இடம், பிரிந்து கிடக்கும் புகார்ப் பட்டியல் என்று நாலு இருக்கிறது. நாளைக்கே பிரிண்டரைச் சரிசெய்தாலும், ரசீதில் ஒரு தாள் தவறினால் இதே தள்ளல் மறுபடி வரும்.

கடைசல்காரர்:
அதனால்தான் மேசையில் ஸ்கேன் செய்து அடிக்கச் சொன்னேன். கத்தையே இல்லையென்றால் தள்ளிப் போக எதுவும் இல்லை. நாலில் மூன்று அதோடு போய்விடும். அந்த ஒன்றிலிருந்து தொடங்குங்கள்.

பொட்டலமேசை:
உருவிப் பார்க்கும் சோதனைக்கு மேனேஜரிடம் அனுமதி கேட்டிருக்கிறேன். நாலையும் தனித்தாளில் எழுதிப் படிவத்தோடு இணைத்துவிட்டேன். அடுத்த மீட்டிங்கில் இரவு ஷிப்டிலிருந்து ஒருவரும் பிரிண்டர் பழுது பார்ப்பவரும் உட்கார வேண்டும் என்றும் கேட்டேன். பிரிண்டர்காரர் வர ஒத்துக்கொண்டார். இரவு ஷிப்ட் ஆளுக்கு அந்த நேரத்துக்குச் சம்பளம் உண்டா என்று மேனேஜர் இன்னும் பதில் சொல்லவில்லை.

வார்டுவிளக்கு:
அந்தப் பதிலை எழுத்தில் வாங்குங்கள் தம்பி. சம்பளம் இல்லாமல் தூக்கத்தை விட்டுவிட்டு வருகிறவர் மீட்டிங்கில் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார். உங்களுக்கு வேண்டியது அவர் வாயால் வருகிற விவரம்.