பழைய ஜெர்மன் சொகுசுக் காரா, ரொயோட்டா அக்சியோவா? ரேஸ் ஓடுகிறவர்கள் ஏன் நிசான் மார்ச் காரில் ஓடுகிறார்கள்?

உவர்மலை வாசன்:
வீட்டில் நடக்கிற சண்டையை இங்கே கொண்டுவருகிறேன். ஒன்றுவிட்ட அண்ணா கனடாவை விட்டுத் திருகோணமலைக்கே வந்துவிடப் போகிறார். வைத்திருக்கிற காசுக்கு 2013 அளவில் வந்த ஜெர்மன் சொகுசு செடான் ஒன்றைக் கொழும்பில் பேசி வைத்திருக்கிறார். அதே காசுக்கு நல்ல அக்சியோ ஹைப்ரிட்டும் (பெற்றோலும் பற்றரியும் சேர்ந்து ஓடுகிறது) வரும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்று 2025 பெப்ரவரியில்தானே தனியார் வாகனங்களுக்குத் திறந்தது. அந்த இடைவெளியில் அக்சியோ விலை எங்கே போய் நின்றது என்று உங்களுக்கே தெரியும்.

அண்ணா சொல்வது இதுதான்: பல இடங்களில் வேகக் கட்டுப்பாடு இல்லாத ஓட்டோபான் என்ற ஜெர்மன் நெடுஞ்சாலைக்கென்று செய்த கார் எங்கள் றோட்டில் ஒருநாளும் களைக்காது. இடைக்கிடை கட்டுக்குருந்தை ரேஸ் பாதையிலோ நுவரெலியா மஹகஸ்தொட்டை மலையேற்றக் கார்ப் போட்டியிலோ ஓடிப் பார்க்கவும் அவருக்கு ஆசை. "அக்சியோவை அங்கே கொண்டுபோனால் சிரிப்பார்கள்" என்கிறார். அப்பா அக்சியோ கட்சி. நான் நடுவில் நிற்கிறேன். சொல்லுங்கள்.

ஆறாம் கியர்:
அண்ணா சொல்வதில் பாதிக்கு மேல் சரி. "ஜெர்மன் கார் காலை வாரும்" என்று சொல்கிறவர்களில் முக்கால்வாசிப் பேர் அந்தக் காருக்குச் செய்ய வேண்டியதைச் செய்யாதவர்கள். ஓர் உதாரணம். பல சொகுசுக் கார்களில் இருக்கிற இசட்.எஃப். எட்டு கியர் பெட்டியில் ஆயுள் முழுக்க ஒயில் மாற்றத் தேவையில்லை என்று கார்க் கொம்பனி எழுதி வைக்கும். அந்தப் பெட்டியைச் செய்கிற இசட்.எஃப். கொம்பனியோ 80,000 முதல் 1,20,000 கிலோமீற்றருக்குள் மாற்றச் சொல்கிறது. இங்கே எத்தனை பேர் மாற்றுகிறார்கள்? கியர் உதைக்கத் தொடங்கியதும் "ஜெர்மன் சாமானே இப்படித்தான்" என்று விற்றுவிடுவார்கள்.

ரேஸ் என்று பார்த்தாலும் அமெரிக்காவில் சாதாரண ஆட்கள் ஓடுகிற "ஸ்பெக் ஈ30" என்ற தனி வகுப்பே இருக்கிறது. எண்பதுகளின் பி.எம்.டபிள்யூ 3 சீரிஸ் கார்கள்தான் அதில் ஓடுகின்றன. பிறகு வந்த ஈ46 என்ற 3 சீரிஸ் மாடலுக்கும் அப்படி ஒரு வகுப்பு உண்டு. கார் நம்ப முடியாததாக இருந்தால் சொந்தக் காசு போட்டு யார் அதில் ஓடுவார்கள்?

சொகுசு என்றாலே தொல்லை என்பவர்கள் 1989இல் வந்த, ரொயோட்டா கொம்பனியின் சொகுசுக் காரான லெக்சஸ் எல்.எஸ். 400ஐயும் ஒருக்கால் பார்க்கட்டும். நாலு லீற்றர் வீ8, எட்டு சிலிண்டர். அந்த எஞ்சின் எவ்வளவு உழைக்கும் என்பதைத் தெரிந்தவர்களிடம் கேளுங்கள்.

பாலையூற்று பாலன்:
அமெரிக்க ஜே.டி. பவர் நிறுவனத்தின் நம்பகத்தன்மைக் கணிப்பில் வழக்கமாக மேலே நிற்பது லெக்சஸ். கீழே தேடினால் லேண்ட் ரோவர். ஜெர்மன்காரர் பெரும்பாலும் இரண்டுக்கும் நடுவில் எங்கோ. இதற்கு மேல் என்ன வேண்டும்?

சீனக்குடா ஸ்பானர்:
ஆறாம் கியர் தம்பி, ஈ30ஐ இழுத்துக்கொண்டு வந்தது நல்லது. அது என் பக்கத்துச் சாட்சி. அந்தக் கார் 1,200 கிலோ அளவில்தான் இருக்கும். ரேசுக்கு எடுக்கிற 325 மாடலில் டைமிங் பெல்ட் (எஞ்சின் வால்வுகளை நேரத்துக்குத் திறக்க வைக்கிற வார்). தகரக் கொட்டிலில் வைத்துக்கூட மாற்றலாம். பொனட்டைத் திறந்தால் நிலம் தெரியும்.

வாசன் தம்பியின் அண்ணா பார்க்கிற வயசுக் கார் அது இல்லை. அதே கொம்பனி 2007இல் கொண்டுவந்த என்47 டீசல் எஞ்சினை எடுங்கள். அதே வேலையைச் செய்கிற டைமிங் செயின் முன்பக்கம் இல்லை, கியர் பெட்டிப் பக்கம் வைத்தார்கள். செயின் சத்தம் போடத் தொடங்கினால் அதைப் பார்ப்பதற்கே எஞ்சினையோ கியர் பெட்டியையோ கழற்ற வேண்டும். செயினின் விலை ஒன்றும் இல்லை, கை வேலைதான் ஆளைச் சாப்பிடும். பென்ஸ்காரன் மட்டும் என்ன? ஈ கிளாசுக்கும் எஸ்.எல்.லுக்கும் கம்பியூட்டர் வைத்துப் பிரேக் பிடிக்கிற முறையைக் கொண்டுவந்தான். 2004இல் ஏறக்குறைய 6,80,000 கார்களைத் திருப்பி அழைக்க வேண்டி வந்தது. 2006இல் ஈ கிளாசை மெருகேற்றியபோது பழைய மாதிரிப் பிரேக்குக்கே திரும்பிவிட்டான்.

நான் கராஜில் நிற்கிறவன். எனக்கு நம்பகம் என்றால் உடையாத கார் இல்லை. உடையாத கார் இந்த உலகத்தில் இல்லை. உடைந்தால் மறுபடி எப்போது ஓடும் என்பதுதான் கேள்வி. அக்சியோ சாமான் வேண்டுமா? கொழும்பு பஞ்சிகாவத்தைச் சாமான் கடைக்கு ஒரு கோல் அடித்தால் இரவு பஸ்ஸில் ஏற்றிவிடுவார்கள், விடியக் காலை இங்கே. அந்த ஜெர்மன் காருக்கு முதலில் செசி நம்பரை (காரில் பொறித்திருக்கிற அடையாள எண்) அனுப்ப வேண்டும். கடைக்காரன் டுபாயைக் கேட்பான், சிங்கப்பூரைக் கேட்பான். சாமான் வந்து பூட்டிய பிறகும் கார் அதை ஏற்காது, கம்பியூட்டரில் பதிய வேண்டும். அந்தக் கம்பியூட்டர் கொழும்பில். 260 கிலோமீற்றர், லொறியில் ஏற்றிக்கொண்டு, இரவென்றால் ஹபரணையில் யானைக்கும் வழிவிட்டு.

எங்கள் உப்புவெளிக் கடற்காற்றை ஓட்டோபானில் யாரும் சோதித்துப் பார்த்திருக்க மாட்டார்கள். கடற்கரையில் நிற்கிற கார்களில் வயர் கொனெக்டர் பச்சை பிடித்துக் கிடக்கும். கார் முழுக்க சென்சர் என்றால் கார் முழுக்க அந்தப் பச்சை.

கிண்ணியா நானா:
ஸ்பானர் அண்ணன் சொன்னது எல்லாம் சரி. ஆனால் ஜப்பான் கார் என்றாலே கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்று யாரும் போய் விழ வேண்டாம். ஹொண்டா 2014 பெப்ரவரியில் ஃபிட் ஹைப்ரிட்டையும் வெசலையும் ஜப்பானிலேயே திருப்பி அழைத்தது, அந்த ஏழு கியர் இரட்டைக் கிளச்சுப் பெட்டிக்காக. அது முதல் தடவையும் இல்லை. அந்த வெசல்தான் இங்கே தெருவுக்குத் தெரு நிற்கிறது.

போக்ஸ்வேகனின் ஏழு கியர் உலர் கிளச்சுப் பெட்டிக் கதையும் தெரிந்திருக்கும். 2013 நவம்பரில் உலகம் முழுக்க 16 லட்சம் கார்களைத் திருப்பி அழைத்தார்கள். சூடும் ஈரமும் கூடிய நாடுகளில் பெட்டிக்குள் இருந்த செயற்கை ஒயிலால் மின்கோளாறு வரலாம் என்று மினரல் ஒயிலுக்கு மாற்றினார்கள். சூடும் ஈரமும் என்றால் எங்கள் ஊர்தானே!

ஆகவே பேட்ஜைப் பார்க்காதீர்கள், கியர் பெட்டியைப் பாருங்கள். அக்சியோவில் இருப்பது ரொயோட்டாவின் பழைய ஹைப்ரிட் முறை, அதில் கிளச்சே இல்லை. பற்றரி காற்றாடியின் தூசியைத் துடைத்துக்கொண்டே இருந்தால் போதும்.

ஆறாம் கியர்:
பாலன் அண்ணா, ஜே.டி. பவர் எதை எண்ணுகிறது என்று பார்த்தீர்களா? நூறு காருக்கு எத்தனை குறை என்பதுதான் கணக்கு. எஞ்சின் போனாலும் ஒரு குறை, புளூடூத் போனைப் பிடிக்காவிட்டாலும் ஒரு குறை. சொகுசுக் காரில் சாமான் கூட, குறை சொல்லவும் கூட இடம்.

சீனக்குடா ஸ்பானர்:
அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தக் கணிப்பு எடுப்பது மூன்று வயதுக் காரில், தம்பி. முதல் சொந்தக்காரர் வொரண்டியோடு ஓட்டுகிற காலம் அது. நாங்கள் பேசுகிற காருக்கு வயது பன்னிரண்டு தாண்டிவிட்டது, கை மூன்றோ நாலோ மாறியிருக்கும். அந்தப் பட்டியலில் லெக்சஸ் மேலே நின்றாலும் கீழே நின்றாலும் இந்தக் காருக்கு அது ஜாதகம் ஆகாது.

தூசிப்பாதை:
ரேஸ் பக்கம் யாரும் ஒழுங்காகப் பேசவில்லை, ஆகவே நான். மண் பாதையில் கார் ஓடுகிற சூப்பர்குரோஸ் போட்டியில் ஓடியிருக்கிறேன், பழைய நிசான் மார்ச் காரில்.

எங்கள் நாட்டில் மார்ச்சுக்குத் தனி வகுப்பு, ஃபோர்ட் லேசர்–மஸ்டாவுக்குத் தனி வகுப்பு, மினிக்கு ஒன்று. ஏன் பென்ஸுக்கு இல்லை? கே10 என்ற பழைய மார்ச் மாடல் 1982இல் வந்த கார். 987 சீசீ, காபரேட்டர், எடை 700 கிலோ அளவில். உங்கள் சொகுசு செடான் 1,700க்கு மேல். பிரேக் என்பது ஓட்டத்தைச் சூடாக்கித் தள்ளுகிற கருவி. எடை இரண்டு மடங்கென்றால் சூடும் இரண்டு மடங்கு. வேகம் 100இலிருந்து 140க்கு ஏறினால் அதுவே இன்னொரு இரண்டு மடங்கு. ஓட்டோபானில் 200இல் போகிற கார் எப்போதாவது ஒருமுறை அழுத்திப் பிடிக்கும். சுற்றுப் பாதையில் ஒவ்வொரு வளைவுக்கும் பிடிக்க வேண்டும். பிரேக் மிதி தரைக்குப் போகும்போது அண்ணாவுக்கு விளங்கும்.

அது பெரும்பாலும் பிரேக் ஒயில் கொதிப்பதால். டொட் 4 தரத்துப் பிரேக் ஒயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 பாகை வரை கொதிக்காமல் தாங்க வேண்டும். அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சுகிற சாமான், ஈரம் ஏறிய பிறகு தரம் கேட்பது 155தான். கடற்கரை ஊரில் வருடக்கணக்காக மாற்றாத ஒயிலோடு மலையேற்றத்துக்குப் போவது தற்கொலை. கார் எதுவாக இருந்தாலும்.

இன்னொன்று. ரேசில் உடைவது விபத்து இல்லை, அது செலவுக் கணக்கில் முதலே எழுதியிருக்கிற விஷயம். அமெரிக்காவில் 2006இல் தொடங்கிய "24 அவர்ஸ் ஒஃப் லெமன்ஸ்" என்ற ஓட்டத்தில் காரின் விலை 500 டொலரைத் தாண்டக்கூடாது என்று சட்டம். பாதுகாப்புச் சாமானும் பிரேக்கும் மட்டும் அந்தக் கணக்கில் வராது. அதாவது காரில் மிச்சம் பிடி, உயிரில் பிடிக்காதே என்கிறான். மஸ்டா எம்.எக்ஸ்.-5 அங்கே அவ்வளவு ஓடுவதும் அதனால்தான். எடை ஒரு தொன்னைச் சுற்றி, சாமான் எங்கும் கிடக்கும், மோதினால் அழுகை வராது.

அண்ணாவுக்கு என் பதில்: ஜெர்மன் காரிலும் ஓட வேண்டாம், அக்சியோவிலும் ஓட வேண்டாம். வீட்டுக்கு ஒன்று, ஓட்டத்துக்கு உடைந்தாலும் தாங்கக்கூடிய இன்னொன்று. (எங்கள் நாட்டில் பழைய மார்ச்சும் இப்போது மலிவில்லை என்பது வேறு கதை.)

ஆறாம் கியர்:
நீங்கள் சொல்வது வாரா வாரம் ஓடுகிறவனுக்கு. எப்போதாவது ஒருநாள் ஓடிப் பார்க்கிறவன் புதுப் பிரேக் ஒயிலும் நல்ல பிரேக் பேடும் போட்டு, இரண்டு சுற்று ஓட்டி ஒரு சுற்று ஆறவிட்டால் 1,700 கிலோவும் ஓடும். ஐரோப்பாவில் அப்படித்தான் ஓடுகிறார்கள். ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் வடக்குப் பாதை 20.8 கிலோமீற்றர், காசு கட்டினால் யாரும் சொந்தக் காரோடு உள்ளே போகலாம்.

தூசிப்பாதை:
அங்கே தடுப்பில் மோதினால் தடுப்புக்கும் பில் வரும். அதையும் அண்ணாவிடம் சொல்லுங்கள்.

நிலாவெளி டீச்சர்:
நான் காரைப் பற்றி அதிகம் தெரிந்தவள் இல்லை, றோட்டோரம் வீடு இருக்கிறது என்பதால் எழுதுகிறேன். நீங்கள் எல்லாரும் கட்டுக்குருந்தை, நுவரெலியா என்கிறீர்கள். இங்கே ஆசை வந்தவர்கள் அவ்வளவு தூரம் போவதில்லை. நிலாவெளி றோட்டில் இரவு பத்து மணிக்குப் பிறகு வந்து நின்று பாருங்கள். ஊருக்கு வெளியே காருக்கு 70தான் சட்டம், ஊருக்குள் 50. ஓட்டோபான் கார் வாங்குகிறவர் அந்த 200ஐ எங்கே ஓட்டப் போகிறார்? எங்கள் வாசலில்தான்.

ஆறாம் கியர்:
டீச்சர், அதனால்தான் ஓட ஓர் இடம் கேட்கிறோம். கட்டுக்குருந்தையும் விமான ஓடுபாதைதான், அங்கே ரேஸ் நடத்தவில்லையா? சீனக்குடா ஓடுபாதையை வருடத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தந்தால் நிலாவெளி றோட்டு அமைதியாகிவிடும்.

சீனக்குடா ஸ்பானர்:
சீனக்குடா விமானப்படையின் பயிற்சிக் கழகம் இருக்கிற இடம், தம்பி. கேட்கிறதுதான் கேட்கிறீர்கள், கொஞ்சம் சின்னதாகக் கேளுங்கள்.

நிலாவெளி டீச்சர்:
ஒழுங்கு செய்து நடத்தினாலும் பயம் போகாது. 2024 ஏப்ரல் 21இல் தியத்தலாவை ஃபொக்ஸ் ஹில்லில் கார் பாதையை விட்டுச் சனத்துக்குள் பாய்ந்து ஏழு பேர் செத்தார்கள். அதில் ஒரு சின்னப் பிள்ளையும் இருந்தது. அது இராணுவம் நடத்திய போட்டி, இரவுத் திருட்டு ஓட்டம் இல்லை.

தூசிப்பாதை:
டீச்சர் சொல்வதற்கு என்னிடம் மறுப்பு இல்லை. சனம் பாதையோரம் நெருங்கி நிற்கிற எந்த ஓட்டத்திலும் கார் நல்லதா கெட்டதா என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆனால் றோட்டில் ஓடுகிறவனிடம் தலைக்கவசம் இல்லை, ரோல் கேஜ் (கார் உருண்டால் காக்கிற இரும்புக் கூடு) இல்லை, காரைச் சோதிக்க ஆளில்லை, எதிரே மீன் லொறி வரும். போட்டியில் இதையெல்லாம் கேட்கவாவது ஓர் ஆள் இருக்கிறார். சனத்தைத் தூர நிறுத்தச் சொல்லிக் கேளுங்கள், நானும் உங்களோடு கையெழுத்துப் போடுகிறேன். ஓட்டத்தையே நிறுத்தினால் அவன் உங்கள் வாசலுக்குத்தான் வருவான்.

நிலாவெளி டீச்சர்:
இப்போது ஓட்டங்கள் நடக்கத்தானே செய்கின்றன, வாசலுக்கு வருவது நின்றுவிட்டதா? பொலிஸ் பிடித்தால் நிற்கும்.

உவர்மலை வாசன்:
எல்லாவற்றையும் அண்ணாவுக்கு வாசித்துக் காட்டினேன். ரேஸ் ஆசையைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்திருக்கிறார், தூசிப்பாதை அண்ணாவின் பிரேக் கணக்குத்தான் வேலை செய்தது. காரை விடுவதாக இல்லை. சனிக்கிழமை கொழும்புக்குப் பார்க்கப் போகிறோம். என்ன பார்க்க வேண்டும்?

சீனக்குடா ஸ்பானர்:
முதல் விஷயம், நீங்கள் போகும்போது எஞ்சின் குளிர்ந்திருக்க வேண்டும். சூடாக்கி வைத்திருந்தால் ஏன் என்று கேளுங்கள். ஸ்டார்ட் பண்ணியதும் முதல் சில நொடி செயின் சத்தம் வருகிறதா என்று காதைக் கொடுங்கள். காற்றுச் சஸ்பென்ஷன் என்றால் இரவு நிறுத்திய கார் காலையில் ஒரு பக்கம் குந்தியிருக்கிறதா பாருங்கள். கியர் பெட்டி ஒயில் மாற்றிய பில்லைக் கேளுங்கள், வாய்ச் சொல் வேண்டாம். சொந்த ஸ்கேனர் கொண்டுபோங்கள். பிழைக் குறியீடு ஒன்றுமே இல்லாமல் துடைத்து வைத்திருந்தால் அதுவும் ஒரு சேதிதான். பிறகு, காருக்குச் சொல்கிற விலையில் மூன்றில் ஒரு பங்கைக் கையில் தனியாக வைத்திருங்கள். அது இல்லையென்றால் அப்பா சொல்வதைக் கேளுங்கள்.

வாங்கிவிட்டால் என்னிடம் கொண்டுவரலாம். ஒயில், பிரேக், புஷ் எல்லாம் பார்ப்பேன். கம்பியூட்டர் கேட்டால் கொழும்புதான்.

ஆறாம் கியர்:
வாசன், அண்ணாவுக்கு அலுத்துப்போய் விற்க நினைத்தால் முதலில் எனக்குச் சொல்லுங்கள்.

சீனக்குடா ஸ்பானர்:
பார்த்தீர்களா, நல்ல கார் என்றவரே விலை விழும்வரை வாசலில் நிற்கிறார்.

ஆறாம் கியர்:
அதுதானே முறை, அண்ணை. விலை விழுகிற நட்டம் அவருக்கு, ஒயில் மாற்றுகிற வேலை எனக்கு.