ஏற்காட்டு மலையில் உங்களுக்கு வாய்த்த ஒரு நேரம்: சொல்லுங்களேன்

அஸ்தம்பட்டிக்காரி:
சேலத்தில், மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டே ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையைப் பார்த்து வளர்ந்தவள் நான். மலை மேல் மேகம் கவிந்தால் அம்மா வடகத்தை எடுத்து உள்ளே வைக்கச் சொல்வார். மலையால் எங்களுக்கு இருந்த உபயோகம் அவ்வளவுதான். வெளியூர் விருந்தாளி வந்தால் மட்டும் மேலே போவோம். ஏரியில் படகு, கரையில் மிளகாய் பஜ்ஜி, நூறு கிராம் மிளகு, பொழுது சாய்வதற்குள் வீடு.

ஒரு ஏப்ரல் மாதம், கூட வேலை பார்க்கும் அக்கா வீட்டுக் காதுகுத்துக்கு நாகலூர் போக வேண்டியிருந்தது. இருபது கொண்டை ஊசி வளைவையும் பக்கத்து சீட்டுப் பையன் எலுமிச்சம்பழத்தை மோந்தபடியே கடந்தான். ஏற்காட்டில் பஸ் மாறி, ஊரைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனதும் டயர் பஞ்சர். "அரை மணி நேரம் ஆவும், இறங்கி நில்லுங்க" என்றார் கண்டக்டர். நல்ல நேரம் போய்க்கொண்டிருக்கிறது, கையில் சீர்த்தட்டு. கடுப்போடுதான் இறங்கினேன்.

இறங்கியதும் வாசனை. மல்லிகை என்று நினைத்து முன்னால் நின்ற பெண்களின் தலையைப் பார்த்தேன். எல்லோரும் கனகாம்பரம்தான் வைத்திருந்தார்கள், அதற்கு ஏது வாசனை? அப்புறம்தான் ரோட்டோரச் சரிவைக் கவனித்தேன். சில்வர் ஓக் நிழலில் காப்பிச் செடிகள், கிளைக்குக் கிளை வெள்ளை. இலை கிளம்பும் ஒவ்வொரு கணுவிலும் கொத்துக் கொத்தாக, தண்டே தெரியாமல் பூ. ஒவ்வொன்றுக்கும் ஐந்து இதழ், மெலிசாக, நுனி கொஞ்சம் பின்னால் மடங்கி. பஸ் இன்ஜின் அடங்கியிருந்ததால் தேனீக்களின் இரைச்சலும் கேட்டது.

ஒரு கொத்தைக் கிள்ளக் கை நீட்டினேன். மடியில் பலாப்பழத்தோடு எங்கள் பஸ்ஸில் வந்த பாட்டி, "பறிக்காத கண்ணு. ஒரு பூ, ஒரு பழம்" என்றார். தோட்ட வேலைக்குப் போகிறவராம். மொட்டு விட்டுவிட்டுச் செடி மழைக்காகக் காத்துக்கிடக்குமாம். கோடையில் ஒரு நல்ல மழை இறங்கினால், எண்ணி எட்டு பத்து நாளில் தோட்டம் மொத்தமும் சேர்ந்தாற்போலப் பூக்கும். இரண்டு மூன்று நாளில் பழுப்பேறிக் கொட்டிவிடும். "நீ நேத்து வந்திருந்தா மொட்டு. நாளன்னிக்கு வந்தா சருகு" என்றார். 1820களில் கலெக்டராக இருந்த காக்பர்ன் இந்த மலைக்குக் காப்பிச் செடியைக் கொண்டுவந்தார் என்று எனக்குத் தெரியும். அது பூக்கும் என்று ஒருத்தரும் சொன்னதில்லை.

பாட்டிக்கு என்ன தோன்றியதோ, பலாப்பழத்தை அங்கேயே வெட்டச் சொன்னார். யாரிடமோ அரிவாள் இருந்தது, எண்ணெய் மட்டும் இல்லை. "கிரீஸ் இருக்கு, வேணுமா?" என்று ஸ்டெப்னி மாட்டிக்கொண்டிருந்த டிரைவர் கேட்டார். எலுமிச்சம்பழப் பையன் நாலு சுளை சாப்பிட்டான், வாந்தியெல்லாம் ஒன்றும் எடுக்கவில்லை. நான் காதுகுத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது குழந்தை அழுது முடித்துத் தூங்கியே போயிருந்தது. விரல்களில் ஒட்டிய பலாப்பாலோடு தட்டை நீட்டினேன்.

உங்கள் பங்குக்கு நீங்களும் சொல்லுங்கள். டூரிஸ்ட் லிஸ்ட் வேண்டாம்.

அம்மாபேட்டையான்:
எங்களுடையது லேடீஸ் சீட் வியூ பாயின்ட். அட, அடிக்க வராதீர்கள், நடந்தது அங்கேதான். இருட்டிய பிறகு சேலம் மொத்தமும் கீழே விளக்காகக் கிடக்கும் இல்லையா, குடும்பத்தோடு நின்று "நம்ம வீடு எது" என்று தேடிக்கொண்டிருந்தோம். அஞ்சு ரோட்டு ஈரடுக்கு மேம்பாலத்தை முதலில் கண்டுபிடித்துவிட்டால் அங்கிருந்து நூல் பிடித்துப் போய்விடலாம் என்பது என் கணக்கு. மாமனார் அதற்கு நேர் எதிர்ப்பக்கம் கை காட்டினார். பத்து நிமிஷம் வாக்குவாதம். திடீரென்று அவர் காட்டிய பக்கத்தில் ஒரு திட்டு மட்டும் அப்படியே அணைந்தது. அடுத்த நிமிஷம் என் போன் அடித்தது, பக்கத்து வீட்டு அண்ணன்: "தம்பி, கரண்ட் போயிருச்சு, உங்க வீட்டு மோட்டார் ஸ்விட்சு ஆன்ல இருந்திருக்கும் போல, கரண்ட் வந்தா டேங்கு நிரம்பி ஊத்துமே."

மாமனார் ஒன்றுமே சொல்லவில்லை. சால்வையைச் சரிசெய்துகொண்டு அந்த இருட்டுத் திட்டையே பார்த்துக்கொண்டு நின்றார், அவ்வளவு பெருமை முகத்தில். கரண்ட் வருகிறவரை நாங்களும் நகரவில்லை. வந்ததும் பிள்ளைகள் கை தட்டியதில், யாரென்றே தெரியாத இன்னும் நாலைந்து பேரும் சேர்ந்து தட்டினார்கள். எதற்குத் தட்டுகிறோம் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்காது.

பெயர் வேண்டாம்:
சின்ன வயதில் லீவுக்கு மலையில் சித்தி வீட்டுக்குப் போவேன். விடிவதற்கு முன்னால் ஓடைப் பக்கம் யாரோ விசிலடிப்பான். ராகம் தெரியாமல், மனம் போனபடி இழுத்து இழுத்து. பக்கத்து வீட்டுப் பையன்தான் என்று முடிவுகட்டி இரண்டு நாள் அவனோடு பேசவில்லை. மூன்றாம் நாள் சித்தப்பா தூக்கத்திலிருந்து எழுப்பிக் கூட்டிப்போய்க் காட்டினார். கருநீலத்தில் ஒரு குருவி, பாறை மேல். சீகாரப் பூங்குருவி. அந்தப் பையனும் எங்களுக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தான். நகர்ந்து இடம் விட்டான்.

கன்னங்குறிச்சி:
எனக்கு மலையே ஏற வேண்டாம். மழை விட்டதும் மூக்கனேரிக் கரையில் நின்று, பீட்ரூட் துருவல் வைத்த தட்டுவடை செட்டைக் கடித்தபடி மலையைப் பார்த்தால் போதும். பீட்ரூட் சட்டையில் சிந்தும், அது ஒன்றுதான் குறை.

அஸ்தம்பட்டிக்காரி:
அம்மாபேட்டையான், டேங்க் என்ன ஆச்சு என்று சொல்லவே இல்லையே!

அம்மாபேட்டையான்:
ஊத்திடுச்சு.

கன்னங்குறிச்சி:
அக்கா, அந்தக் காப்பிப்பூவை எப்படியும் ஒரு தடவை பார்த்தாக வேண்டும். நேற்று ராத்திரி எங்கள் பக்கம் ஒரு சொட்டுகூட இல்லை, ஆனால் மலை மேல் மின்னிக்கொண்டே இருந்தது. மேலே இருக்கிறவர்கள் யாராவது சொல்லுங்கள், மழை இறங்கியதா? இறங்கியிருந்தால் இன்றைக்கு ஒன்று என்று எண்ண ஆரம்பிக்கிறேன்.