குளச்சலில் வெளிச்சமான பிளாட், பால்கனி சிலாப்பின் அடியில் பழுப்புக் கோடு: வாங்கலாமா?

மேற்குச்சன்னல்:
வணக்கம். வளைகுடாவில் வேலை, சொந்த ஊர் திங்கள்சந்தை. லீவு முடிய 9 நாள்தான் இருக்கிறது. குளச்சலில் மூன்றாவது மாடியில் ஒரு பழைய பிளாட் பார்த்தோம். கட்டி 14 வருஷம். ஹாலுக்கு மேற்கே பெரிய சன்னல். நாலு மணிக்கு வெயில் அடுக்களை வரைக்கும் வந்து விழுகிறது. வீட்டுக்காரிக்கு அதிலேயே மனசு நின்றுவிட்டது. "1741 போர் வெற்றித் தூண் பக்கத்தில்" என்று விளம்பரத்தில் வேறு போட்டிருக்கிறார்கள். (தூணை வைத்து நான் என்ன செய்ய!)

சந்தேகம் இரண்டு. பால்கனி சிலாப்பின் அடியில், புதுப் பெயிண்டையும் மீறி ஒரு முழ நீளத்துக்குப் பழுப்புக் கோடு, கூடவே மயிரிழை விரிசல். மழை ஈரம், ஒரு கோட் அடித்தால் போய்விடும் என்கிறார் ஓனர். அடுத்தது, மூலப் பத்திரம் மலையாளத்தில் இருக்கிறது, வருஷம் 1119 மேடம். கள்ளப் பத்திரம் என்று மச்சான் பயமுறுத்துகிறான்.

பழையபத்திரம்:
மச்சானிடம் பயப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள். அது கொல்லம் ஆண்டு, மலையாளக் காலண்டர் வருஷம். மேட மாதம் என்றால் 825 கூட்டுங்கள். 1944 ஏப்ரல், மே வரும். ஆவணியில் தொடங்கும் ஆண்டு என்பதால் முதல் நாலு மாதத்துக்கு 824 கூட்ட வேண்டும். 1956 நவம்பர் 1 வரை நம்ம குமரி மாவட்டம் திருவிதாங்கூர் பக்கம் இருந்ததால் பழைய ஆதாரம் மலையாளத்தில் இருப்பது சாதாரணம். மலையாளம் படிக்கத் தெரிந்த பத்திர எழுத்தரை வைத்து, அந்தப் பத்திரத்தில் உள்ள ஆளிடமிருந்து இன்றைய ஓனர் வரை கை மாறியது அறுபடாமல் வருகிறதா பாருங்கள். பாகப்பிரிவினையில் ஒரு சகோதரி கையெழுத்து விட்டுப்போயிருக்கும், அங்கேதான் வம்பு வரும். வில்லங்கச் சான்று, பிரிக்கப்படாத மனைப் பங்கு எத்தனை சதுர அடி, கடலிலிருந்து 500 மீட்டருக்குள் என்றால் கடலோர ஒழுங்குமுறை மண்டல அனுமதி, இதெல்லாம் வக்கீல் பார்க்கட்டும்.

சைட்இன்ஜினியர்_ஓய்வு:
தம்பி, கோடு நேராகவா இருக்கிறது? ஈரக்கறை என்றால் வட்டமாக, திட்டுத் திட்டாகப் பரவும். நேர்கோடு என்றால் உள்ளே கம்பி ஓடுகிற தடம். உப்புக் காற்று கான்கிரீட்டுக்குள் இறங்கிக் கம்பியைத் துருப்பிடிக்க வைத்திருக்கும். துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும், அதனால் சிலாப்பை உள்ளிருந்தே தள்ளிப் பிளக்கும். பெயிண்ட் அதை மறைக்குமே தவிர நிறுத்தாது.

ஒரு கரண்டிக் காம்பால் அந்த இடத்தைத் தட்டுங்கள். நல்ல கான்கிரீட் 'டங்' என்று கெட்டியாகக் கேட்கும். பொக்கை என்றால் காலி டப்பா சத்தம். அப்புறம் கீழே கார் நிறுத்தும் இடத்துத் தூண்களின் அடிப்பாகத்தையும் தட்டுங்கள், பால்கனியைவிட அதுதான் முக்கியம். பால்கனி மட்டும் என்றால் பொக்கையைக் கொத்தி, துரு நீக்கி, மெலிந்த கம்பிக்குத் துணைக்கம்பி வைத்துப் பாலிமர் கலவை பூசலாம்; அந்தச் செலவை விலையில் கழிக்கச் சொல்லுங்கள். தூணிலும் இருந்தால் இந்த பிளாட்டையே விட்டுவிடுங்கள். கட்டும்போது தண்ணீர் எங்கிருந்து எடுத்தார்கள் என்றும் கேளுங்கள்.

முட்டம்_அக்கா:
எங்களுக்கும் மேற்கு சன்னல்தான். ஆனி, ஆடியில் காற்று அடித்தால் கண்ணாடியில் உப்பு படிந்து வெளியே ஒன்றும் தெரியாது. கீல், கொக்கி எல்லாம் ஸ்டீல் போடாதீங்க, பித்தளை போடுங்க.

மேற்குச்சன்னல்:
இன்று காலை போய்த் தட்டினேன். பால்கனியில் இரண்டு முழத்துக்குக் காலி டப்பா சத்தம். கீழே எட்டுத் தூணில் ஏழு கெட்டி. தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்துத் தூண் மட்டும் முழங்கால் உயரம் வரை பொக்கை, அங்கேயும் புதுப் பெயிண்ட். கட்டும்போது தண்ணீர் எங்கிருந்து எடுத்தார்கள் என்று ஓனரிடம் கேட்டேன். "காம்பவுண்டு கிணறுதான், கொஞ்சம் உப்பு கரிக்கும்" என்றார்.

சைட்இன்ஜினியர்_ஓய்வு:
அட்வான்ஸ் கொடுத்துவிட்டீர்களா?

மேற்குச்சன்னல்:
இல்லை அண்ணாச்சி. வீட்டுக்காரியிடம்தான் இன்னும் சொல்லவில்லை.