லாகரில் சீரியல் சென்சார் மாட்டி மண்டை காய்ந்தவர்கள் உண்டா?

எண்ணூர்க்கழி
லாகர் என்றால் சென்சார் அளவுகளைப் பதிந்துவைக்கும் பெட்டி, சென்சார் அனுப்பும் எழுத்து வரியை அது படிக்கும் கட்டளை சீரியல்இன். நேரே விஷயத்துக்கு வருகிறேன். முகத்துவாரம் பக்கம் பிவிசி பைப்புக்குள் நீர்மட்டம் பார்க்கும் பிரஷர் சென்சார். (2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு கழிக்குள் எண்ணெய் வந்ததே, அந்தக் கறை பைப்பில் இன்னும் இருக்கிறது.) சென்சார் நொடிக்கு ஒரு வரி தள்ளும், என் புரோகிராம் பத்து நொடிக்கு ஒரு வரி எடுக்கும். மூன்று மாதம் அழகாக ஓடியது. ஒருநாள் பாசி துடைக்க சென்சாரை மேலே தூக்கினேன். கையில் சொட்டச் சொட்டத் தொங்குகிறது, லேப்டாப்பிலோ 1.412, 1.411, 1.412 என்று மீட்டர் கணக்கில் தண்ணீர் நிற்கிறது. பக்கத்தில் வலை பிரித்துக்கொண்டிருந்த அண்ணன் எட்டிப் பார்த்து, "இன்னா நைனா, வெளிய எடுத்தும் அது உள்ளயே கீதா?" என்றார். நாலு நிமிஷம் கழித்துத்தான் எண் இறங்கியது. வந்த வரிகள் நான் எடுக்கும்வரை லாகருக்குள் காத்திருக்கும் இடம்தான் பஃபர். அது 2000 பைட், ஒரு வரி 8 பைட், ஆக 250 வரி. நிரம்பினால் ரொம்பப் பழசு விழும், மிச்சத்தில் பழசைத்தான் நான் முதலில் எடுக்கிறேன். மூன்று மாதமாக 250 நொடிக்கு முந்தைய தண்ணீரைப் பதிவு செய்திருக்கிறேன்!

தண்டையார்பேட்டை மொட்டைமாடி
படிக்கும் முன்னாடி பஃபரைக் காலி செய்யும் சீரியல்ஃப்ளஷ் கட்டளை போட்டிருந்தால் முடிந்திருக்குமே. என் கதை வேறு. மாடியில் காற்றுமானி, லாகரில் வந்ததெல்லாம் குழந்தை கிறுக்கின மாதிரி எழுத்துகள். 4800, 9600, 19200 என்று இரண்டு நாள் பாட் ரேட்டை (பிட்டுகள் வரும் வேகம்) மாற்றினேன், கேபிளை மாற்றினேன், உச்சி வெயிலில் டிஷ் ஆன்டெனா நிழலில் உட்கார்ந்து மீண்டும் மாற்றினேன். சென்சார் டிடிஎல், லாகர் போர்ட் ஆர்எஸ்-232, இரண்டும் வேறு வேறு வோல்டேஜ் முறை. ஒன்றில் 1 என்றால் 5 வோல்ட், இன்னொன்றில் 1 என்றால் மைனஸ். எல்லா பிட்டும் தலைகீழ். டேட்டாஷீட்டில் முதல் பக்கத்திலேயே போட்டிருக்கிறான்.

கொருக்குப்பேட்டை கேட்
ஃப்ளஷ் போட்டால் முடிந்தது என்று சும்மா சொல்லாதீர்கள் மொட்டைமாடி. வரி பாதி வந்துகொண்டிருக்கும்போது ஃப்ளஷ் செய்தால் மீதி "412" மட்டும் கிடைக்கும், அதை 412 மீட்டர் என்று எழுதிவைக்கும், எண்ணூரே மூழ்கிவிடும். ஃப்ளஷ் செய்து, வரும் முதல் வரியைத் தூக்கிப் போட்டு, அடுத்த முழு வரியை எடுக்க வேண்டும், முழு வரி என்றால் முன்னால் வரும் கூட்டல் குறியில் தொடங்குகிறதா என்றும் பார்க்க வேண்டும். என்னைக் கேட்டால் தானாகப் பேசும் சென்சாரே வேண்டாம், கேட்டால் மட்டும் பதில் சொல்லும் மோட்பஸ் முறை சென்சார் வாங்குங்கள். அது ஓடும் ஆர்எஸ்-485 ஒயரிங் என்றால் நீளமான கேபிளும் தாங்கும், இரண்டு முனையிலும் 120 ஓம் ரெசிஸ்டர் போடுங்கள், அதன் இரண்டு ஒயரை ஏ, பி என்று கம்பெனிக்குக் கம்பெனி மாற்றி எழுதுவார்கள், பேசவில்லை என்றால் முதலில் அந்த இரண்டு ஒயரை மாற்றிப் பாருங்கள், கிரவுண்டை மறக்காதீர்கள். என் அனுபவமா? ஒரே ஒயரில் பல சென்சார் முகவரி வைத்துப் பேசும் எஸ்டிஐ-12 முறையில் இரண்டு சென்சாரை மாட்டினேன், இரண்டுக்கும் முகவரி சைபர், இரண்டும் ஒரே நேரத்தில் பதில் சொல்லின. அவ்வளவுதான்.

எண்ணூர்க்கழி
கேட் அண்ணே, சென்சார் வாங்குகிற அதிகாரம் எனக்கிருந்தால் நான் ஏன் இங்கே புலம்புகிறேன். ஃப்ளஷ் விஷயம் சரி, அப்படித்தான் மாற்றிவிட்டேன். என் தலைவலி அந்தப் பழைய மூன்று மாதம். ஓத ஏற்ற இறக்கத்தில் நாலு நிமிஷம் என்பது பெரிய வித்தியாசம் இல்லை, ஒரு சென்டிமீட்டர் சுமார். ஆனால் நடுவில் இரண்டு தடவை பேட்டரி போய் லாகர் புதிதாக எழுந்தது. எழுந்ததும் பஃபர் காலி, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத்தானே பின்தங்கும்? அந்த இடத்தில் பதிவான நேரத்திலிருந்து எத்தனை நொடி கழிப்பது என்று யாராவது கணக்குப் போட்டிருக்கிறீர்களா?