8 கிலோ குறைத்தும் ரோபோ கிளம்பும் வேகம் கூடவில்லை, ஏன்?

கேள்வி
ரோபோவின் எடை 50 கிலோ. 100 மி.மீ. விட்டமுள்ள நான்கு சக்கரங்கள், ஒவ்வொன்றுக்கும் தனி மோட்டார், 6:1 கியர் (மோட்டார் 6 சுற்று சுற்றினால் சக்கரம் 1 சுற்று). மோட்டார் 12 வோல்ட்டில் சுமையில்லாமல் 5,300 ஆர்.பி.எம். (நிமிடச் சுற்று), ஸ்டால் டார்க் (சுழலாமல் தடுத்து நிறுத்தும்போது தரும் சுழற்று விசை) 2.4 நியூட்டன் மீட்டர், ஸ்டால் கரண்ட் (அப்போது இழுக்கும் மின்னோட்டம்) 130 ஆம்ப். எடையை 42 கிலோவாகக் குறைத்தாயிற்று. கிளம்பும்போது சக்கரம் வழுக்கிச் சுழல்கிறதே தவிர, பாய்ச்சல் கூடவில்லை. 8:1 கியர் போட்டால் சரியாகுமா?

பதில் 1
ஆகாது. சக்கரம் வழுக்கினால் டார்க் மிஞ்சிக் கிடக்கிறது என்று பொருள். கியரில் 15% இழப்பு போனாலும் நான்கு மோட்டாரும் சேர்ந்து தரையில் சுமார் 980 நியூட்டன் தள்ளும். உராய்வுக் குணகம் (பிடிமான விசைக்கும் எடைக்கும் உள்ள விகிதம்) 1.1 என்று வைத்தால், 50 கிலோவுக்குத் தரை தாங்குவது 540 நியூட்டன், 42 கிலோவுக்கு 453. எடை குறைந்த அதே விகிதத்தில் பிடிமானமும் குறைந்துவிட்டது; அதனால் முடுக்கத்தின் உச்சவரம்பு இரண்டுக்கும் ஒன்றுதான், 10.8 மீ/வி².

எடை குறைத்தது வீணில்லை. பலன் கொஞ்சம் தள்ளித் தெரியும். வேகம் ஏற ஏற மோட்டாரின் டார்க் இறங்கும். 50 கிலோவில் சுமார் 2.1 மீ/வி-யிலேயே டார்க் போதாமல் போகும், 42 கிலோவில் 2.5 வரை தாக்குப்பிடிக்கும். ஆனால் எதிரணி ரோபோவை முட்டித் தள்ளும் ஆட்டமென்றால் தள்ளும் விசையில் 87 நியூட்டன் நஷ்டம்.

பதில் 2
குணகம் 1.1 என்றாலும் அந்தப் பிடிமானம் முழுதும் கிடைப்பது சந்தேகம். ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 20 செ.மீ. உயரத்தில், அச்சுகளுக்கு நடுவே இருக்கிறது, அச்சு இடைவெளி 50 செ.மீ. என்று வையுங்கள். அந்த முடுக்கத்தில் எடையின் 44% பின்னுக்குப் போகும். முன் சக்கரங்கள் தாங்கிய 50%-இல் மிஞ்சுவது 6%தான். தனித்தனி மோட்டார் என்பதால் முன்னிரண்டும் சும்மா சுழலும். ஒவ்வொரு பக்கத்திலும் முன் பின் சக்கரங்களைச் செயினால் இணையுங்கள், பேட்டரியைத் தாழ்த்துங்கள்.

குணகத்தை ஊகிக்க வேண்டாம். சக்கரங்களை ஆப்பு வைத்துப் பூட்டி, போட்டித் தரையிலேயே சுருள்வில் தராசால் கிடைமட்டமாக இழுங்கள். நகரத் தொடங்கும்போது காட்டும் கிலோவை ரோபோவின் எடையால் வகுத்தால் போதும்.

பதில் 3
கணக்கில் பேட்டரி விடுபட்டிருக்கிறது. 42 கிலோவில் வழுக்கும் எல்லையில் ஒவ்வொரு மோட்டாருக்கும் 60 ஆம்ப். 2.5 மீ/வி நெருங்கும்போது அது அப்படியே நான்குக்கும் சேர்த்து பேட்டரியிலிருந்து 240 ஆம்ப் ஆகும். பேட்டரி, வயர் எல்லாம் சேர்ந்து 0.02 ஓம் இருந்தாலே 4.8 வோல்ட் விழும். ஆக அந்த 2.5 காகிதத்தில்தான். 8:1 போட்டால் 45 ஆம்ப் போதும், பதிலுக்கு உச்ச வேகம் 4.6-லிருந்து 3.5 மீ/வி-க்கு இறங்கும். குறுகிய ஓட்டமென்றால் அது லாபமே.

எந்த கியரானாலும் கண்ட்ரோலரில் கரண்ட் வரம்பை வழுக்கும் எல்லைக்குச் சற்றுக் கீழே வையுங்கள், 6:1-க்கு 55 ஆம்ப். வழுக்கத் தொடங்கிய சக்கரத்துக்குப் பிடிமானம் இன்னும் குறைவு.

கேட்டவர்
செயின் போட்டு, 55 ஆம்ப் வரம்பும் வைக்கிறேன். 8:1 அதற்குப் பிறகு.