ஒன்றரை மணி நேர வெண்பாவா, நூறு மணி நேர விட்சரா?

பீனிக்ஸ்காரன்:
டர்பனில் நம் ஆட்களிடம் எந்த கேம் பற்றிப் பேசினாலும் "வெண்பா விளையாடினீர்களா, அழுதீர்களா" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். விளையாடினேன். வெண்பா ஒரு சின்ன சமையல் வீடியோ கேம்: 1980களில் கனடாவுக்குப் போன தமிழ்க் குடும்பம், அம்மாவிடம் ஒரு கிழிந்த சமையல் குறிப்பேடு, அழிந்துபோன வரிகளை ஊகித்து இட்லி, புட்டு, பிரியாணி செய்ய வேண்டும், அவ்வளவுதான். ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிட்டது. 2024இல் பிரிட்டனின் பாஃப்டா விருது வேறு, சிறந்த அறிமுக கேம் என்று. நம் வீட்டுக் கதை என்பதாலேயே நல்ல கேம் ஆகிவிடுமா? தப்பாகச் சமைத்தால் மறுபடி செய்யலாம், ஒரு நஷ்டமும் இல்லை. தள்ளுபடி சமயத்தில் விட்சர் 3 என்கிற பெரிய சாகச கேமை வாங்கினால் நூறு மணி நேரம் ஓடும். நம் தென்னாப்பிரிக்க ரேண்டின் மதிப்பு இருக்கிற நிலைமையில் நான் இப்படித்தான் கணக்குப் போடுவேன்.

கேப்டவுன் கார்முகில்:
அண்ணா, மணிக்கணக்கு பார்த்து கேம் வாங்குவது பட்டுப்புடவையை எடை போட்டு வாங்குகிற மாதிரி இருக்கிறது. அந்த நூறு மணியில் எத்தனை மணி வரைபடத்தில் உள்ள கேள்விக்குறிகளைத் துரத்தினீர்கள்? விட்சரில் வரும் ஸ்கெலிகே தீவுகளின் கடலில் படகை ஓட்டிக்கொண்டே போய், மிதக்கிற பெட்டியைத் திறந்து, உள்ளே விற்கக்கூட லாயக்கில்லாத ஒரு வாள். அதையும் சேர்த்துத்தானே எண்ணுகிறீர்கள். வெண்பாவில் அப்படி ஒரு நிமிஷமாவது வீணாகப் போனதா, சொல்லுங்கள். இட்லித் தட்டை எப்படி அடுக்கினால் ஆவி மேலே வரை போகும் என்று நம்மையே யோசிக்க வைக்கிறது. படமாக எடுத்திருந்தால் அதை வேடிக்கைதான் பார்த்திருப்போம்.

பீனிக்ஸ்காரன்:
பெட்டியை விடு தம்பி, விட்சரில் வரும் ரத்தப் பிரபு கதையைச் சொல்லு. பத்து வருஷம் ஆகிவிட்டதால் கதையை வெளிப்படையாகவே சொல்கிறேன். மரத்துக்கு அடியில் கட்டுண்ட ஆவியை விடுவித்தால் அனாதைக் குழந்தைகள் பிழைப்பார்கள், ஆனால் பிரபுவின் மனைவி செத்துப்போவாள், அவனும் தூக்கில் தொங்குவான். ஆவியைக் கொன்றால் குழந்தைகள் போய்விடுவார்கள். இரண்டும் உறுத்தும். நான் எடுத்த முடிவு, அதன் பலன் பல மணி நேரம் கழித்து வருகிறது. வெண்பாவில் மகன் தமிழை விட்டு விலகிப் போகிறான், சரி, நான் என்ன செய்தாலும் விலகத்தான் போகிறான். அப்புறம் எனக்கு அங்கே என்ன வேலை?

மாரிட்ஸ்பர்க் ஆன்ட்டி:
இரண்டு பேரும் கரண்ட் பற்றி யோசிக்காமல் பேசுகிறீர்கள். 2023இல் லோட் ஷெட்டிங், அதாவது முறை வைத்துக் கரண்டை நிறுத்துவது, உச்சத்தில் இருந்தபோது நான் என்ன விளையாடலாம் என்பதை அந்த அட்டவணைதான் முடிவு செய்தது. ஸ்டார்ட்யூ வேலி என்கிற விவசாய கேம் எனக்கு உயிர், 2016இல் ஒரே ஆள் உட்கார்ந்து செய்து வெளியிட்ட கேம், ஆனால் படுத்துத் தூங்கினால்தான் சேவ் ஆகும். செடிக்கெல்லாம் தண்ணீர் ஊற்றி, மீன் பிடித்து, வீட்டுக்கு வரும் வழியில் கரண்ட் போனால் அந்த நாளே போச்சு. ஹேடிஸ் என்கிற சண்டை கேமில் அறைக்கு அறை சேவ் ஆகிவிடும், அதனால் அந்த வருஷம் அதுதான் ஓடியது. வெண்பாவை இரண்டு கரண்ட் வெட்டுக்கு நடுவில் முடித்துவிடலாம், தெரியுமா? அப்புறம், இங்கே பாதி வீட்டில் தமிழ் எழுத்தைப் படிக்க ஆளில்லை. 1860இல் ட்ரூரோ கப்பலில் ஒப்பந்தக் கூலிகளாக இங்கே வந்து இறங்கியவர்கள் வழியில் வந்த பேரப்பிள்ளைக்கு, தமிழ் வீட்டைப் பற்றி வேறு எந்த கேம் இருக்கிறது?

பீனிக்ஸ்காரன்:
ஆன்ட்டி, நான் சொல்வதும் அதுதான். பிள்ளை ஆசையாகப் பார்த்தால் சந்தோஷம். அதற்காக கேமுக்கு மதிப்பெண் கூட்டிப் போடக் கூடாது. வேறு ஒரு நாட்டுக் குடும்பம், வேறு சமையல் என்று வைத்துப் பாருங்கள், இவ்வளவு பேசுவோமா?

கேப்டவுன் கார்முகில்:
விருது கொடுத்தது பாஃப்டாக்காரர்கள் அண்ணா, தமிழ்ச் சங்கம் இல்லை.

பந்தடி ராஜா:
கதை கதை என்று அடித்துக்கொள்கிறீர்களே, சனிக்கிழமை மச்சான்கள் வந்தால் யாராவது விட்சர் போடுவீர்களா? பந்து கேம்தான். பெயரை ஃபிஃபாவிலிருந்து எஃப்சி என்று மாற்றி, ஆயிரம் ரேண்டுக்கு மேல் வாங்கினாலும் ஒரே சோபாவில் நாலு பேர் கத்தலாம்.

கேப்டவுன் கார்முகில்:
ராஜா, காசு கொடுத்து வாங்கின கேமுக்குள்ளேயே, எந்த வீரர் வருவார் என்று தெரியாத பாக்கெட்டை மறுபடி காசுக்கு விற்கிறார்களே, அது சூதாட்டம் இல்லையா? சோபாவில் கத்தத்தான் வேண்டும் என்றால் ப்ரோஃபோர்ஸ் போடுங்கள், 2015இல் வந்தது, எங்கள் ஊர் ஃப்ரீ லைவ்ஸ் நிறுவனம் செய்தது, நாலு பேர் ஒரே திரையில் எல்லாவற்றையும் வெடிக்க வைக்கலாம். அதே ஆட்கள்தான் 2023இல் டெர்ரா நில் கொண்டுவந்தார்கள். பாழான நிலத்தைப் பச்சையாக்கி, கடைசியில் நாம் கட்டின கட்டடங்களையே பிரித்து எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டும். அதுவும் சின்ன கேம்தான்.

பந்தடி ராஜா:
பாக்கெட் வாங்காமலே விளையாடலாம். நான் வாங்குவதில்லை.

பீனிக்ஸ்காரன்:
டெர்ரா நில்லை ஒத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அதில் தோற்க முடியும். ஒரு கட்டடத்தை இடம் மாற்றி வைத்தால் காசு தீர்ந்து மாட்டிக்கொள்வோம். நான் கேட்பது நீளம் மட்டும் இல்லை, என் கைக்கு ஒரு மதிப்பு வேண்டும். வெண்பாவில் பாட்டுகள் பிரமாதம், அந்தந்தக் காலத்துப் படப் பாட்டு மாதிரியே புதிதாகப் போட்டிருக்கிறார்கள். பாட்டுக்கு மட்டும் என்றால் காசு கொடுப்பேன்.

மாரிட்ஸ்பர்க் ஆன்ட்டி:
தோற்கத்தான் வேண்டும் என்றால் எல்டன் ரிங் வாங்கு தம்பி. சண்டை நடுவில் நிறுத்திவைக்க பாஸ் பொத்தான்கூடக் கிடையாது, அடுப்பில் பாலை வைத்துவிட்டு அதில் வரும் மார்கிட் என்கிற பெரிய எதிரியிடம் போய் நின்று பார், அப்போது தெரியும்.