குமுளி ஏலக்காய்க் கணக்கில் ஷெல் ஸ்கிரிப்ட் கற்றது

குமுளியில் ஓர் ஏலக்காய் வியாபாரியிடம் கணக்கு எழுதுகிறேன். இடுக்கியில் அரசுப் பள்ளியில் தமிழ் மீடியம் படித்தவள். கேரளத்து அரசுப் பள்ளிகளில் கம்ப்யூட்டர் பாடம் லினக்ஸில்தான் என்பதால் டெர்மினலைப் (கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் திரை) பார்த்தால் பயமில்லை. ஆனால் ஷெல் ஸ்கிரிப்ட் (கட்டளைகளைப் படித்து ஓட்டும் புரோகிராம்தான் ஷெல், அதற்கான கட்டளைகளை வரிசையாக எழுதிய ஃபைல் ஸ்கிரிப்ட்) எழுதப் பழகியது இந்த வேலைக்கு வந்த பிறகுதான்.

எங்களுக்கு இரண்டு ஸ்டோர் உண்டு (காய் உலர்த்தும் கட்டடத்தை இங்கே அப்படித்தான் சொல்வோம்). சீசனில் பச்சைக்காய் எடை ஃபைல்கள் தினமும் வாட்ஸாப்பில் வரும். 'மேல் ஸ்டோர் 14', 'கீழ் ஸ்டோர் 14' என்று தேதியோடு பெயர் இருக்கும்.

முதலில் எல்லாவற்றையும் மாத ஃபோல்டருக்கு மாற்ற ஒரு ஃபார் லூப் (ஒரே வேலையை ஒவ்வொரு ஃபைலுக்கும் திரும்பத் திரும்பச் செய்வது) எழுதினேன். ஒவ்வொரு ஃபைலுக்கும் மூன்று புகார் வந்தது: 'மேல்' இல்லை, 'ஸ்டோர்' இல்லை, '14' இல்லை. ஃபைல் பெயரை வைத்திருக்கும் மாறியை இரட்டை மேற்கோளுக்குள் வைக்காவிட்டால் ஷெல் ஸ்பேஸ் வரும் இடமெல்லாம் வெட்டிவிடும். 1979-இல் வந்த போர்ன் ஷெல்லின் பழக்கம் இது, 1989-இல் வந்த பாஷ் ஷெல்லும் அப்படியே வைத்துக்கொண்டது. கொடுத்ததைத் திரையில் காட்டும் எக்கோ கட்டளையைப் போட்டுப் பார்த்தபோது வரி சரியாகவே தெரிந்தது, ஏனென்றால் வெட்டிய துண்டுகளை எக்கோ மறுபடி ஒட்டித்தான் காட்டும். 'பாஷ் -எக்ஸ்' (ஒவ்வொரு கட்டளையையும் ஓட்டும்போதே காட்டும்) போட்டு ஓட்டிய பிறகுதான் எங்கே வெட்டுப்பட்டது என்று கண்ணுக்குத் தெரிந்தது. புதிதாகப் பழகுகிறவர்கள் முதல் நாளே இதைப் போட்டுப் பாருங்கள்.

சரி, மேற்கோள் போட்டாயிற்று. அப்புறம் பெயர் நீளமாக இருக்கிறதே, தேதி மட்டும் போதும் என்று ஃபைலை நகர்த்தவும் பெயர் மாற்றவும் உதவும் 'எம்வி' கட்டளையால் பெயரை மாற்றினேன். ஒரு எரரும் வரவில்லை, கூட்டித் தொகையைக் கொடுத்துவிட்டேன். முதலாளி பார்த்ததும், "என்னம்மா, ரெண்டரைக் கிலோ பச்சைக்கு ஒரு கிலோ காய்ஞ்ச காயா? அஞ்சுக்கு ஒண்ணுதானே விழும்?" என்றார். எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஃபோல்டரைத் திறந்தால் 52 ஃபைல் இருந்த இடத்தில் 26தான் இருந்தது. இரண்டு ஸ்டோருக்கும் 14 என்றே பெயர் விழ, பின்னால் வந்தது முன்னதை அழித்துவிட்டு உட்கார்ந்துகொண்டது. 'எம்வி' கேட்காமலே மேலெழுதிவிடும். 'எம்வி -என்' என்றால் ஏற்கெனவே இருக்கும் ஃபைலைத் தொடாது. நல்லவேளை, வாட்ஸாப்பில் எல்லாம் இருந்ததால் மறுபடி இறக்கிக்கொண்டேன்.

அதிலிருந்து எந்த 'எம்வி', 'ஆர்எம்' (ஃபைலை அழிப்பது) எழுதினாலும் முதலில் அதற்கு முன்னால் எக்கோ வைத்து ஓட்டுகிறேன்; கட்டளை நடக்காமல் திரையில் வரியாக மட்டும் வரும். வரப்போகும் புதுப் பெயர்களை மட்டும் எடுத்து 'சார்ட்' (வரிசைப்படுத்துவது), 'யூனிக் -டி' (அடுத்தடுத்து ஒரே மாதிரி வரும் வரிகளைக் காட்டுவது) வழியே விட்டால் இரட்டைப் பெயர் இருந்தால் தனியே வந்து விழும்.

போன மாதம் மூன்றாவது ஸ்டோரும் சேர்ந்தது. எக்கோவில் 78 வரி வந்தது, 'யூனிக் -டி' ஒன்றும் காட்டவில்லை. அதைப் பார்த்த பிறகுதான் எக்கோவை நீக்கிவிட்டு நிஜமாக ஓட்டினேன்.